ஞாயிறு வந்தால் ராணி பாக்!

விடியுமுன் மின்சார ரெயிலைப் பிடிக்க ஓடி, பிள்ளைகள் தூங்கிய பின் வீடு திரும்பும் தந்தையர் மும்பையில் ஏராளம். பிள்ளைகளோடு இருக்க அவர்களுக்குக் கிடைப்பது ஞாயிறு ஒன்றுதான். அதையும் தூங்கிக் கழிக்கலாமா?

தாராவிக்காரர்கள் சயானில் 'ஸ்லோ' வண்டி ஏறினால் ஆறாவது நிலையம் பைகுல்லா. கிழக்குப் பக்கம் இறங்கிச் சிறிது நடந்தால் ராணி பாக் மிருகக்காட்சி சாலை. 2017 முதல் அங்கே குளிரூட்டிய கண்ணாடி அறையில் பென்குயின்கள் நீந்துகின்றன.

அருங்காட்சியகத்தின் பக்கத்தில் ஒரு கல் யானை நிற்கிறது. எலிபண்டா தீவுக்குப் பெயர் வாங்கித் தந்தது அதுதான். வெள்ளையர் இங்கிலாந்துக்குக் கொண்டுபோக முயன்றபோது உடைந்தது, பிறகு ஒட்டவைத்தார்கள்.

புதன்கிழமை விடுமுறை. ஞாயிறு கூட்டம் அதிகம். காலையிலேயே போவது நல்லது. கூட்டத்தில் சின்னக் குழந்தைக்கு ஒன்றும் தெரியாது. அப்பாதான் தோளில் தூக்கிக் காட்டவேண்டும்!