மல்லாட்டை மஞ்சளானால் எந்த இலைன்னு பாருங்க

திருவண்ணாமலைப் பக்கம் மல்லாட்டை போடுறவங்களுக்குப் பழகின காட்சி இது: விதைச்சு 30 நாளில் செடி மஞ்சளா நிக்கும். பணி ஓய்வுக்குப் பிறகு போட்ட முதல் போகத்துல, தழைச்சத்துக் குறைன்னு நினைச்சு வாரம் தவறாம ஜீவாமிர்தத்தைத் தண்ணியோட பாய்ச்சினேன். மஞ்சள் கூடுச்சே தவிர குறையல.

எந்த இலை மஞ்சள்னு நான் பார்க்கவே இல்லை. தழைச்சத்து செடிக்குள்ள நகரும். பற்றாக்குறை வந்தா அடி இலையிலிருந்து உருவிக் கொழுந்துக்குக் கொடுக்கும். அதனால அடி இலைதான் முதல்ல வெளுக்கும். இரும்புச்சத்து அப்படி நகராது. கொழுந்து வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையா நிக்கும். என் வயலில் இருந்தது இதுதான். நரம்பும் சேர்ந்து வெளுத்தா கந்தகத்தைச் சந்தேகிக்கலாம்.

சுண்ணாம்பு மண்ணுல இரும்பு இருக்கும், கரையாது. தண்ணி தேங்கினா இன்னும் மோசம். கணக்குல பணம் இருந்தும் எடுக்க முடியாத நிலை (வங்கிப் புத்தி இன்னும் போகல!). பாய்ச்சலை நிறுத்தி வடிகால் எடுத்தேன். 10 நாளில் புதுக்கொழுந்து பச்சையா வந்துச்சு.

அடி இலை வெளுத்திருந்தா, ஒரு செடியை மண்ணோட தோண்டி வேர் முடிச்சை நகத்தால கீறிப் பாருங்க. உள்ளே சிவப்பா இருந்தா முடிச்சு வேலை செய்யுது. வெள்ளையாவே இருந்தா, அடுத்த விதைப்புக்கு ரைசோபியம் விதைநேர்த்தியை விட்டுடாதீங்க.