மத்தியமத்தைப் பிடித்த ஆசாரி

போடி சுப்பிரமணியர் கோயில் திருவிழாவோ பொட்டிபுரத்துக் கல்யாண வீடோ, நாகஸ்வரம் இல்லாமல் நடக்காது. வாசிப்பு நன்றாக இருந்தால் வித்வான் எந்த ஊர் என்று கூட்டத்தில் நாலு பேர் விசாரிப்பார்கள். அந்த நாயனத்தைக் கடைந்தவர் யார் என்று கேட்பவர் அரிது. வித்வான்களைக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் வரும் பதில்: நரசிங்கம்பேட்டை.

கும்பகோணம்–மயிலாடுதுறை சாலையில், ஆடுதுறைக்குப் பக்கத்தில் இருக்கும் சிற்றூர் அது. தலைமுறை தலைமுறையாக நாகஸ்வரம் கடையும் ஆசாரிக் குடும்பங்கள் அங்கே உண்டு. அவற்றில் ஒன்றில் பிறந்த ரங்கநாதன் ஆசாரியைப் பற்றி அவருடைய பிள்ளைகள் பெருமையோடு சொல்வது ஒரே ஒரு ஸ்வரத்தை வைத்துத்தான்.

பழைய நாயனம் திமிரி. குட்டையானது, சுருதி அதிகம், ஊர்வலத்தில் தெருக்கோடி வரை கேட்கும். ஆனால் அதில் சுத்த மத்தியமம் துல்லியமாக விழாது. உதட்டாலும் மூச்சாலும் அழுத்தியும் தளர்த்தியும் வித்வான்தான் அதைச் சரிக்கட்ட வேண்டும். எளிதாகச் சொன்னால் ச, ரி, க-வுக்கு அடுத்து வரும் 'ம' அது. 72 மேளகர்த்தா ராகங்களில் முதல் 36-க்கும் அதுவே மத்தியமம். சங்கராபரணத்துக்கு வேண்டும், கரஹரப்பிரியாவுக்கு வேண்டும், தோடிக்கும் வேண்டும்.

தோடி என்றதுமே நினைவுக்கு வருபவர் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை. 1898-இல் பிறந்து 1956-இல் மறைந்தவர். தோடியை மணிக்கணக்கில் விரிக்கக்கூடிய அந்த மேதைக்கு, கருவியே மத்தியமத்தில் முரண்டு பிடித்தது எவ்வளவு பெரிய இம்சையாக இருந்திருக்கும்! சுருதியைக் குறைத்து நீளமான பாரி நாயனத்துக்கு அவர் வந்தபோது, அந்த மத்தியமமும் தானாக நிற்க வேண்டும் என்று விரும்பினார். பொறுப்பு பக்கத்து ஊரான நரசிங்கம்பேட்டையில் ரங்கநாதன் ஆசாரியின் பட்டறைக்கு வந்தது.

கேட்க எளிதாகத் தெரியும் வேலை இது. செய்து பார்த்தால்தான் கஷ்டம் புரியும். நாகஸ்வரத்தின் உடல் பகுதியான உலவு உள்ளே ஒரே அளவில் இருப்பதில்லை; வாயில் வைத்து ஊதும் சீவாளியைச் செருகும் மேல்முனையில் குறுகி, புனல் போல விரிந்த அணசைப் பொருத்தும் கீழ்முனையில் அகன்று போகும். மொத்தம் 12 துளைகள். விரல் வைப்பது ஏழில்தான். மற்ற ஐந்தும் கீழே இருப்பவை. அவற்றை மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதி சேர்ப்பார்கள். 'ம' சரியாக விழட்டும் என்று ஒரு துளையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டால் பக்கத்து ஸ்வரம் கெடும். உள்கூட்டை ஒரு நூல் கூடுதலாகக் குடைந்தால் மொத்த உலவும் வீண். மரத்தில் எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாதே. கடைவது, ஊதிப் பார்ப்பது, வித்வானின் முகத்தைப் பார்ப்பது, மறுபடி வேறு மரத்தை எடுப்பது என்று பொறுமையாகத் தேடித்தான் ரங்கநாதன் ஆசாரி அந்த அளவைப் பிடித்தார்.

ராஜரத்தினம் பிள்ளை கையில் எடுத்த பாரி நாயனம் பிறகு தமிழ்நாடு முழுக்கப் பரவியது. இன்றைய இளம் வித்வான்கள் பலர் திமிரியை வாசித்ததே இல்லை. பிள்ளையின் பெயர் இசை உலகில் நிலைத்துவிட்டது, நியாயமும் அதுதான். ஆசாரியின் பெயரும் பக்கத்திலேயே இருந்திருக்க வேண்டும். கச்சேரி நோட்டீஸில் தவில்காரர் பெயர் வரை அச்சாகிறது, நாயனம் செய்தவர் பெயர் மட்டும் வருவதில்லை.

வீட்டார் அவரை மறக்கவில்லை. அப்பா போட்ட அளவில்தான் பிள்ளைகளும் துளை போடுகிறார்கள். மரத்திலும் அவர்கள் கண்டிப்பானவர்கள். உலவுக்கு ஆச்சா மரம் வேண்டும், அதுவும் பச்சை மரம் ஆகாது. ஈரம் இருந்தால் பின்னால் வெடிக்கும். ஆகையால் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் உத்திரங்களையும் தூண்களையும் தேடி வாங்குகிறார்கள். அணசுக்கு வாகை.

2022-இல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊரில் செய்ததை அந்தப் பெயரில் விற்க முடியாது என்பது நல்ல காவல்தான். ஆனால் ஆச்சா உத்திரம் போட்ட வீடுகள் குறைந்துகொண்டே வருகின்றன, இப்போது எழும் வீடுகளுக்கோ கான்கிரீட் கூரை. பழைய ஆச்சா எங்கே கிடைக்கும் என்பதுதான் பட்டறையில் இப்போது பெரிய கவலை.