எல்லைக் காணி - 9
பட்டயம் அப்பா பேரில், பங்கு யாருக்கு?

கொழிஞ்சாம்பாறையில் தென்னந்தோப்பு, பொள்ளாச்சிப் பக்கம் பாட்டன் பூமி என்று இரண்டு பக்கமும் நிலம் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் கேரளத்தின் சித்தூர் தாலுகாவில் நிறைய உண்டு. கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டிப் பெண் கொடுப்பார்கள், பெண் எடுப்பார்கள். பங்காளிகள் பாகம் பிரிக்க உட்காரும்போதுதான் எல்லை குறுக்கே வந்து நிற்கும். நிலம் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்தின் சட்டம்தான் அதற்கு. தகப்பன் ஒருவர், பிள்ளைகள் அதே பிள்ளைகள். சட்டம் மட்டும் இரண்டு.

கேரளத்தில் ஜன்மிகள் எனப்படும் நிலவுடைமையாளர்களின் உரிமை 1970 ஜனவரி 1 முதல் அரசின் கைக்குப் போனது. அதன் பிறகு பாட்டக்காரர்கள் (குத்தகைதாரர்கள்) லேண்ட் டிரிபியூனலில் மனுப் போட்டு, நிர்ணயித்த விலையைக் கட்டி, கிரயச் சான்றிதழ் வாங்கினார்கள். ஊர் வழக்கில் அது பட்டயம். பெரும்பாலான பட்டயங்களில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கும், குடும்பத்தை நடத்தியவர் பெயர். சண்டை அங்கே தொடங்குகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கேரளப் பக்கம் ஒன்பது ஏக்கர். பட்டயம் 1974-ல், தகப்பன் பெயரில். தாய் முன்பே காலமாகிவிட்டார். தகப்பன் உயில் எழுதாமல் 1990-ல் இறக்கிறார். இரண்டு மகன்கள், ஒரு மகள், மூவருமே 1974-க்கு முன் பிறந்தவர்கள். மகளுக்கு எவ்வளவு?

அந்தப் பாட்டம் தகப்பன் தன் பெயரில், தன் உழைப்பில் எடுத்தது என்றால் அது அவருடைய தனிச் சொத்து. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மூவருக்கும் சம பங்கு. மகளுக்கு மூன்று ஏக்கர்.

தாத்தா காலத்திலிருந்து வந்த குடும்பப் பாட்டம் என்றால் கணக்கே வேறு. கேரளத்தின் கூட்டுக் குடும்ப ஒழிப்புச் சட்டம் (1975-ம் வருடத்துச் சட்டம்) 1976 டிசம்பர் 1-ல் அமலுக்கு வந்தது. அன்றைக்கே பாகம் பிரித்துக்கொண்டதுபோல் ஒவ்வொருவரும் தத்தம் பங்குக்குத் தனி உரிமையாளர் ஆனார்கள். பிறப்பால் வரும் உரிமை என்பது அதோடு முடிந்தது. ஆனால் அன்று பங்கு இருந்தவர்கள் யார்? தகப்பனும் இரு மகன்களும். ஆளுக்கு மூன்று ஏக்கர். மகளுக்கு அன்று ஒன்றும் இல்லை. தகப்பன் போன பிறகு அவருடைய மூன்று ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு. அதாவது ஒரே ஒரு ஏக்கர்.

குடும்பச் சொத்து என்று சொன்னால் எல்லாருக்கும் நல்லது, தனிச் சொத்து என்றால் சுயநலம் என்று நாம் பழகியிருக்கிறோம். இங்கே அது தலைகீழ். 'இது குடும்பப் பாட்டம்' என்று வாதாட வேண்டியது அண்ணன் தம்பிகள். 'அப்பாவின் சொந்தப் பாட்டம்' என்று சொன்னால்தான் தங்கைக்கு லாபம். பல பெண்கள் இது தெரியாமலேயே, அண்ணன்மார் கொண்டுவரும் கணக்கை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுகிறார்கள்.

அப்படியானால் பட்டயத்தில் அப்பா பெயர் இருப்பது போதுமா? போதாது. கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 72கே பிரிவு பட்டயத்தை முடிவான ஆதாரம் என்கிறது. ஆனால் எதற்கு ஆதாரம்? ஜன்மியின் உரிமை பாட்டக்காரருக்கு வந்துவிட்டது என்பதற்கு. அந்தப் பாட்டக்காரர் தனி ஆளா, குடும்பமா என்பது தனிக் கேள்வி. அதே சட்டத்தின் விளக்கப் பிரிவில் 'நபர்' என்பதில் கூட்டுக் குடும்பமும் அடங்கும். குடும்பத்துக்காக ஒருவர் வாங்கிய பட்டயத்தின் பலன் குடும்பத்தார் அனைவருக்கும் உண்டு. ஆனால் அதை நிரூபிக்கும் பாரம், குடும்பச் சொத்து என்று சொல்பவர் தலையில். ஒரே வீட்டில் ஒரே உலையில் சாப்பிட்டார்கள் என்பதற்காகச் சொத்தும் கூட்டுச் சொத்து என்று நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளாது. 1970-க்கு முந்தைய பாட்ட ரசீதுகள் யார் பெயரில், பணம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் பார்க்கும்.

பொள்ளாச்சிப் பக்கத்துப் பூர்வீக பூமியில் இந்த வாதமே தேவைப்பட்டிருக்காது. தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல், அன்றுவரை திருமணமாகாத மகளை மகனுக்குச் சமமான பங்காளி ஆக்கிவிட்டது. நம் கணக்கில் மகள் அன்று கன்னிப்பெண் என்றால், அங்கே ஒன்பது ஏக்கரில் மூன்று ஏக்கர் அவளுடையது. கூட்டுக் குடும்பத்தையே ஒழித்துப் புரட்சி செய்த கேரளம், ஒழித்த அன்று மகள்களை எண்ணாமல் விட்டது. அந்தச் சட்டத்தின் பெரிய குறை இது என்பது என் எண்ணம்.

இந்தக் குறைக்கு ஒரு பரிகாரம் 2025 ஜூலையில் வந்தது. இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கான 2005-ம் ஆண்டின் மத்தியத் திருத்தச் சட்டத்தோடு கேரளக் கூட்டுக் குடும்ப ஒழிப்புச் சட்டத்தின் 3, 4-ம் பிரிவுகள் முரண்படுகின்றன, ஆகவே அவை செல்லாது என்று கேரள உயர்நீதிமன்ற நீதிபதி எஸ். ஈஸ்வரன் தீர்ப்பளித்தார். தகப்பன் 2004 டிசம்பர் 20-க்குப் பிறகு இறந்திருந்தால் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு. அந்தத் தேதிக்கு முன்பே பத்திரப் பதிவு மூலமோ நீதிமன்றம் மூலமோ பாகம் பிரிந்திருந்தால் அதைக் கலைக்க முடியாது. நம் கணக்கில் வரும் மகளுக்கு, தகப்பன் 1990-லேயே போய்விட்டதால், இது உதவாது.

இடுக்கியில் மறையூர், வட்டவடை, உடும்பஞ்சோலைப் பக்கத்துத் தமிழர் கையில் உள்ள பட்டயங்கள் பலவும் வேறு வகை. ஜன்மியிடமிருந்து வந்தவை அல்ல. 1960-ம் ஆண்டின் நில ஒப்படைச் சட்டத்தின்கீழ் அரசே கொடுத்தவை. குடும்பப் பாட்டமா தனிப் பாட்டமா என்ற கேள்வி அங்கே எழாது. உங்கள் தாளில் எந்தச் சட்டத்தின் பெயர் அச்சாகியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

இன்று பாட்டத்துக்கு நிலம் எடுத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கேரளத்தில் 1964 ஏப்ரல் 1-க்குப் பிறகு புதிய பாட்டமே கூடாது என்கிறது நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 74-ம் பிரிவு. பொள்ளாச்சியில் குத்தகைதாரராகப் பதிவு செய்துகொள்ள 1969-ம் ஆண்டுச் சட்டம் வழி வைத்திருக்கிறது. கொழிஞ்சாம்பாறையில் வாய்ப்பேச்சில் நிலம் எடுத்துத் தக்காளி போடுபவருக்கு அப்படி எந்த உரிமையும் இல்லை.

விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டு வீட்டுக்கு ஆள் வந்தால், தங்கைமார்களே, டிரிபியூனலில் உங்கள் அப்பா கொடுத்த மனுவின் நகலை முதலில் கேட்டு வாங்குங்கள். பாட்டம் யார் எடுத்தது, எப்போது எடுத்தது என்று அவரே அதில் எழுதியிருப்பார்.