அஜினமோட்டோ: யார், எவ்வளவு சாப்பிடுகிறார்கள்?

அஜினமோட்டோ விஷமா? எவ்வளவு, யாருக்கு என்று திருப்பிக் கேட்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. 1908-ல் ஜப்பானியர் கிகுனாயே இகேடா கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்த குளுட்டமேட்தான் இதன் சாரம். ரசத்துத் தக்காளியிலும் அது இருக்கிறது.

1987-ல் சர்வதேச நிபுணர் குழு இதற்கு எண்ணளவில் வரம்பு எதுவும் தேவையில்லை என்றது. 2017-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒன்று வைத்தது: உடல் எடையில் கிலோவுக்கு, நாளைக்கு 30 மில்லிகிராம் குளுட்டமிக் அமிலம். எலிகளுக்குத் தீங்கு செய்யாத அளவை நூறால் வகுத்து வந்த எண் இது. அதை அஜினமோட்டோவாகக் கணக்கிட்டால், 60 கிலோ ஆளுக்கு ஏறக்குறைய 2.3 கிராம். 20 கிலோ குழந்தைக்கு முக்கால் கிராம்தான்.

கடலூரிலும் சிதம்பரத்திலும் மக்கள் இந்த வரம்பைத் தாண்டுகிறார்களா என்று எப்படி அளப்பது? விற்பனையான பாக்கெட்டுகளை மக்கள்தொகையால் வகுத்தால் சராசரி கிடைக்கும்; ஆனால் அது ஏமாற்றும். அஜினமோட்டோவைத் தொடாத பாட்டியையும், தினமும் இரவில் ஃப்ரைட் ரைஸ் சாப்பிடும் அண்ணாமலை நகர் விடுதி மாணவனையும் அது ஒரே ஆளாக்கிவிடும். ஆகவே வீடு வீடாகப் போய், நேற்று முழுக்க என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்க வேண்டும். வார நாளில் ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை ஒரு முறை. தேவனாம்பட்டினம் கடற்கரைக் கடைகளில் ஒரு தட்டு உணவை வாங்கி எடை போட்டு, ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். மாஸ்டரிடம் கேட்டுப் பயனில்லை, அவர் கைக்கணக்கில் போடுகிறவர். சிப்ஸ், சூப் பொடி உறைகளில் அஜினமோட்டோவைக் குறிக்கும் 621 என்ற எண்ணையும் தேட வேண்டும். கடைசியில், நூறு பேரில் அதிகம் சாப்பிடும் ஐந்து பேரின் அளவை அவரவர் எடையோடு ஒப்பிட வேண்டும். குழந்தைகளுக்குத் தனிக் கணக்கு.

ஒரு சிக்கல்: இயற்கையாக இருந்ததையும் கடைக்காரர் போட்டதையும் ஆய்வகத்தால் பிரித்துச் சொல்ல முடியாது. 2015-ல் மேகி உறையிலிருந்த ‘எம்.எஸ்.ஜி. (அதாவது அஜினமோட்டோ) சேர்க்கப்படவில்லை’ என்ற வாசகம் வம்பானது இதனால்தான். அப்போது தமிழ்நாடு விதித்த மூன்று மாதத் தடைக்குக் காரணம் ஈயம். பலர் அதை அஜினமோட்டோ தடை என்றே நினைவில் வைத்திருக்கிறார்கள்.

தலைவலிப் புகார்? வெறும் வயிற்றில் 3 கிராமும் அதற்கு மேலும் கொடுத்த சோதனைகளில் சிலருக்குச் சற்று நேரம் தொந்தரவு வந்தது; சாப்பாட்டோடு கொடுத்தபோது அப்படி உறுதியாகத் தெரியவில்லை. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உணவில் இதைச் சேர்க்கவே கூடாது.

எனக்குக் கவலை தருவது உப்பு. அஜினமோட்டோவில் சோடியம் 12 சதவீதம்; உப்பில் 39. உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆய்வுக்குப் போகிறவர்கள் அதே தட்டில் உப்பையும் சோயா சாஸையும் சேர்த்தே அளந்துவிடலாம்.