அட்டை உள்ள விதைநெல்லும் அட்டை இல்லாத கழகமும்

பெரும்போகத்துக்கு விதைநெல் வாங்கச் செல்லும் விவசாயி முதலில் எதைப் பார்க்கிறார்? சாக்கின் வாயில் தைக்கப்பட்டிருக்கும் அட்டையைத்தான். விவசாயத் திணைக்களம் அத்தாட்சிப்படுத்திய நெல்லா, எந்த இனம், எப்போது சோதிக்கப்பட்டது என்று விசாரித்த பின்னரே பணத்தை எடுத்துக் கொடுக்கிறார். ஒரு போகம் பிழைத்தால் ஒரு வருடக் கடன் என்பது அவருக்குத் தெரியும்.

அதே விவசாயி தமது பத்து வயது மகனை மாலையில் உதைபந்தாட்டக் கழகத்துக்கு அனுப்பும்போது என்ன விசாரிக்கிறார்? "பொடியன்மார் எல்லாம் போறாங்கதானே, இவனும் போகட்டும்" என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. பயிற்றுவிப்பவர் யார், அவர் முன்னர் எங்கே இருந்தார், கால் முறிந்தால் யார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார், வாங்கும் சந்தாப் பணம் எங்கே போகிறது என்று கேட்பவர் நூற்றில் ஒருவர்கூட இல்லை. கேட்டால் மரியாதைக் குறைவு என்றும் நினைக்கிறோம்.

சாகாமம் பகுதியில் இக்கேள்விகளுக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. 1990ஆம் ஆண்டின் வன்செயல்களில் இடம்பெயர்ந்த குடும்பங்களும், 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோனவற்றை இழந்து இடம் மாறிய குடும்பங்களும் இக்கரையோரத்தில் நிறைய உண்டு. வயல் ஓரிடம், வீடு வேறிடம், பள்ளிக்கூடம் இன்னோரிடம். வேளாண்மை வெட்டு நாட்களில் தாயும் தகப்பனும் வாடியிலேயே தங்கிவிடுகிறார்கள். பழைய ஊரில் மாமாவும் பெரியப்பாவும் மைதான ஓரத்தில் நின்று பார்த்துக்கொள்வார்கள். இப்போது அந்தக் கண்கள் இல்லை. பிள்ளையின் மாலை நேரம் முழுவதும் கழகத்தின் கையில் இருக்கிறது. ஆகவே கழகத்தின் தரம் என்பது வெற்றிக்கிண்ணம் பற்றிய விடயம் அல்ல. பிள்ளையின் பாதுகாப்புப் பற்றிய விடயமாகும்.

தரச்சான்று என்றால் என்ன?

விதைநெல்லுக்கு அட்டை எப்படி வருகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். உத்தியோகத்தர் வயலுக்கு வந்து வேற்றினக் கதிர்கள், களை, நோய் என்பவற்றைப் பார்க்கிறார். அறுவடைக்குப் பின் மாதிரி எடுத்து முளைதிறனும் ஈரப்பதனும் சோதிக்கப்படுகின்றன. குறித்த அளவைத் தாண்டினால்தான் அட்டை. அடுத்த போகத்து நெல்லுக்கு மீண்டும் புதிதாகப் பார்க்க வேண்டும். சிறுவர் உதைபந்தாட்டக் கழகங்களுக்குத் தரச்சான்று வழங்கும் முறையும் ஏறக்குறைய இதுவே. முன்கூட்டியே எழுதிய அளவுகோல், வெளியார் ஒருவர் வந்து பார்த்தல், குறித்த காலத்துக்குப் பின் மீண்டும் பார்த்தல் என்னும் மூன்றும் இருந்தால்தான் அது சான்று. கழகமே அச்சடித்துச் சுவரில் மாட்டிய கடதாசி சான்று ஆகாது.

இம்முறை இங்கிலாந்தில் 2001ஆம் ஆண்டு அந்நாட்டு உதைபந்தாட்டச் சங்கத்தினால் 'சார்ட்டர் ஸ்டாண்டர்ட்' என்ற பெயரில் ஊர்க் கழகங்களுக்காகத் தொடங்கப்பட்டது. பயிற்சி பெற்ற பயிற்றுநர், முதலுதவி தெரிந்த ஒருவர், பிள்ளைகளோடு பழகுவோரின் குற்றப் பதிவுகளைச் சரிபார்த்தல், பிள்ளைகளின் நலனைக் கவனிக்கவென்றே ஒரு பொறுப்பாளர், வீரருக்கும் பெற்றோருக்கும் எழுதிய ஒழுக்கக் கோவை என்பனவே அதன் அடிப்படை. இப்போது அம்முறை நட்சத்திர முறையாக மாற்றப்பட்டுள்ளது. மேல் தரத்துக்குப் போகப் போகப் பெண் பிள்ளைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கழகம் இடம் கொடுக்க வேண்டும்.

இப்பட்டியலில் புல்தரை மைதானமோ மின்விளக்கோ விலை உயர்ந்த சப்பாத்தோ முதலிடத்தில் இல்லை என்பதைக் கவனியுங்கள். முதற்படியில் கேட்கப்படுவது ஒழுங்கு. ஒழுங்குக்குப் பணம் அதிகம் தேவையில்லை. குளக்கட்டுக்கு அருகே கிறவல் தரையில் விளையாடும் கழகமும் அந்த முதற்படியில் ஏறலாம்.

உயர்மட்டக் கழகங்களுக்கு வேறு அளவுகோல்கள் உண்டு. 2000ஆம் ஆண்டின் ஐரோப்பியக் கிண்ணத்தில் மோசமாகத் தோற்ற ஜேர்மனி, முதல் இரண்டு பிரிவுகளிலும் உள்ள கழகங்கள் யாவும் இளையோர் பயிற்சி நிலையம் நடத்த வேண்டும் என்று விதித்தது. 2006–07 பருவத்திலிருந்து அந்நிலையங்களைப் பெல்ஜிய நாட்டு நிறுவனம் ஒன்று வெளியிலிருந்து வந்து பரிசீலித்து நட்சத்திரம் வழங்கியது. 2014இல் ஜேர்மனி உலகக் கிண்ணத்தை வென்றபோது அந்த நிலையங்களில் வளர்ந்தவர்கள் பலர் அணியில் இருந்தனர். அண்டை நாடான இந்தியாவிலும் அகில இந்திய உதைபந்தாட்டச் சம்மேளனம் இளையோர் பயிற்சி நிலையங்களுக்கு நட்சத்திரத் தரம் வழங்கி வருகிறது.

ஒரு தகப்பன் கொண்டுவந்த கடதாசி

ஒரு தகப்பன் ஒருநாள் என்னிடம் கடதாசி ஒன்றைக் கொண்டு வந்தார். பதினைந்து வயதான அவருடைய மகனை வெளிநாட்டுப் பயிற்சி நிலையம் ஒன்று தெரிவு செய்திருப்பதாகவும், முற்பணம் கட்ட வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது. கேட்கப்பட்ட தொகை இரண்டு ஏக்கர் விதைப்புச் செலவுக்குக் கிட்ட இருந்தது. "பயிர்க்கடன் காசு கையில இருக்கு. கட்டட்டா பாதர்?" என்று கேட்டார்.

நான் உதைபந்தாட்ட நிபுணன் அல்ல. ஆயினும் ஒரு விதி எனக்குத் தெரிந்திருந்தது. உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீபாவின் சட்டத்தில், வீரர் இடமாற்றம் பற்றிய விதிகளின் 19ஆம் உறுப்புரை, பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் நாடு விட்டு நாடு சென்று கழகத்தில் பதிவாவதைப் பொதுவாகத் தடை செய்கிறது. பெற்றோர் உதைபந்தாட்டத்துடன் தொடர்பில்லாத காரணத்துக்காக வேறு நாட்டில் குடியேறியிருத்தல், உயிருக்கு அஞ்சி நாடு விட்டு ஓடியிருத்தல் போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. இவ்விதியை மீறியதற்காக 2014இல் பார்சிலோனா கழகத்துக்கே 450,000 சுவிஸ் பிராங் தண்டமும், அடுத்தடுத்த இரண்டு இடமாற்றக் காலங்களுக்குப் புதிய வீரர்களைப் பதியக் கூடாதென்ற தடையும் விதிக்கப்பட்டன. பார்சிலோனாவுக்கு ஒரு சட்டம், தெருவில் கடதாசி நீட்டுபவருக்கு வேறு சட்டம் இருக்க முடியாது.

தகப்பனும் நானும் கடதாசியில் இருந்த இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தோம். "உங்கள் நிலையம் எந்த நாட்டுச் சம்மேளனத்தில் பதிவானது? தரச்சான்று உண்டா? பதினைந்து வயதுப் பிள்ளையை எந்த விலக்கின் கீழ் பதிவு செய்வீர்கள்?" என்று மூன்று கேள்விகள் கேட்டோம். திருப்பி எடுப்பதாகச் சொன்னார்கள், எடுக்கவில்லை. மறுநாள் நாங்கள் எடுத்தபோது இலக்கம் வேலை செய்யவில்லை. பணம் தப்பியது. ஆனால் மகன் பல நாட்கள் தகப்பனோடு பேசவில்லை. அவனுடைய கனவைக் கலைத்தவர்கள் நாங்கள் இருவருமே என்று அவன் நினைத்தான். பொய்யான வாக்குறுதி எடுத்துச் செல்வது பணத்தை மட்டுமல்ல.

சான்று செய்ய முடியாதது

அட்டை உள்ள நெல்லும் தண்ணீர் இல்லாவிட்டால் கருகும். அதுபோலத் தரச்சான்றும் எல்லாவற்றையும் காப்பாற்றாது. 2016 நவம்பரில் இங்கிலாந்தின் முன்னாள் வீரர் ஒருவர், சிறுவனாக இருந்தபோது தம் பயிற்றுநரால் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதைப் பகிரங்கமாகச் சொன்னார். அதன் பின் நூற்றுக்கணக்கானோர் முன்வந்தனர். 1970 முதல் 2005 வரையான காலத்தை ஆராய்ந்த ஷெல்டன் அறிக்கை 2021 மார்ச்சில் வெளியானது. ஆபத்துத் தெரிந்த பின்னரும், 1995 ஒக்டோபர் முதல் 2000 மே வரை, பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்வதில் சங்கம் மிகவும் தாமதித்தது என்று அது குற்றம் கண்டது.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. துன்புறுத்தியவர்கள் பலர் ஊரில் நல்ல பெயர் எடுத்தவர்கள், வெற்றி தேடித் தந்தவர்கள், பெற்றோர் நம்பியவர்கள். நல்ல பெயரே அவர்களுக்கு மறைப்பாக இருந்தது. ஆகவே நம்பிக்கை உள்ள இடத்திலும் கேள்வி வேண்டும். இது பயிற்றுநருக்கும் ஆசிரியருக்கும் மட்டுமல்ல, என்னைப் போன்ற குருமாருக்கும் பொருந்தும். கேட்கப்படுவதை நேர்மையான பயிற்றுநர் அவமானமாக எடுக்கமாட்டார். அவருக்கும் அது பாதுகாப்பே.

எமது கழகத்தில் எங்கே தொடங்குவது?

மேலிருந்து முத்திரை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மேலிடங்களிலும் ஒழுங்கு குலைவதுண்டு. 2023 ஜனவரியில் இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தையே பீபா இடைநிறுத்தியது. அவ்வாண்டு ஆகஸ்டில்தான் தடை நீங்கியது. அவ்வேளையிலும் கிராமத்துப் பிள்ளைகள் மாலையில் பந்தோடு மைதானத்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். எனவே பின்வரும் ஆறு காரியங்களைப் பெற்றோரே கூடித் தொடங்கலாம்.

1. பதிவு: கழகம் பிரதேச செயலகத்தின் விளையாட்டு உத்தியோகத்தர் ஊடாகப் பதிவு செய்யப்பட்டுள்ளதா என்று பாருங்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் யார் என்பது எல்லாருக்கும் தெரிய வேண்டும்.

2. பயிற்றுநர்: அவரது பயிற்சிச் சான்றுகளையும் கிராம அலுவலரின் நற்சான்றையும் கழகம் கேட்டு வாங்கி வைக்கட்டும். வேறு ஊரிலிருந்து வந்தவராயின், முன்னர் இருந்த கழகத்திலும் விசாரியுங்கள்.

3. தனிமை தவிர்த்தல்: எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு மூடிய அறையிலோ வாகனத்திலோ தனியே இருக்கக் கூடாது. வெளியூர்ப் போட்டிக்குப் போகும்போது குறைந்தது இரண்டு பெரியவர்கள். பெண் பிள்ளைகள் இருந்தால் ஒரு பெண்மணியும் கட்டாயம்.

4. நலன் பொறுப்பாளர்: பிள்ளை பயமின்றி முறையிடக்கூடிய ஒருவரை நியமியுங்கள். அவர் பயிற்றுநராகவோ பயிற்றுநரின் உறவினராகவோ இருக்கக் கூடாது. மாதர் சங்கத்தில் ஒரு தாய் இப்பணிக்கு மிகவும் பொருத்தம்.

5. காயமும் கணக்கும்: முதலுதவிப் பெட்டி, பெற்றோரின் தொலைபேசி இலக்கங்கள், ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு வாகன ஒழுங்கு ஆகியன எப்போதும் இருக்கட்டும். வரவு செலவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெற்றோர் கூட்டத்தில் வாசியுங்கள்.

6. மைதான ஓரம்: இங்கிலாந்தில் 2008 முதல் பார்வையாளர் கோட்டுக்கு அப்பால் நிற்க வேண்டும் என்ற ஒழுங்கைக் கொண்டு வந்தார்கள். எமக்கும் ஒரு கயிறு போதும். தமிழ் ஊர்க் கழகமும் முஸ்லிம் ஊர்க் கழகமும் விளையாடும் நாளில், பிள்ளைகளின் சண்டை ஐந்து நிமிடத்தில் முடியும். பெரியவர்கள் உள்ளே இறங்கினால் அது ஊர்ச் சண்டையாகும். மஃரிப் வாங்குக்கு முன் ஆட்டத்தை முடிப்பது, கோயில் திருவிழா நாளில் போட்டி வைக்காதது போன்ற இணக்கங்களையும் இரு கழகங்களும் முன்கூட்டியே எழுதிக்கொள்ளலாம்.

மூன்றாவது காரியம் மீறப்பட்டால், அல்லது பிள்ளை திடீரென மைதானத்துக்குப் போக மறுத்தால், அதட்ட வேண்டாம். இருத்தி வைத்துக் கேளுங்கள். 1998இன் 50ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைக்கப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1929. பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமும், பொலிஸ் நிலையத்தின் சிறுவர் மகளிர் பிரிவிலும் முறையிடலாம். ஊர் மானம் போய்விடும் என்று மூடி மறைப்பது அடுத்த பிள்ளையைக் காட்டிக் கொடுப்பதாகும்.

இந்த ஆறையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். அண்டை ஊர்க் கழகம் ஒன்றின் நிர்வாகிகளை வருடத்துக்கு ஒருமுறை அழைத்து, நிறைவேறியவற்றையும் நிறைவேறாதவற்றையும் அவர்களே குறித்துக் கையொப்பம் இடட்டும். நீங்களும் போய் அவர்களுடையதைப் பாருங்கள். வட்டவிதானை வாய்க்காலைப் பார்க்க வருகிறார் என்றால் எல்லாரும் தத்தம் வரம்பைச் சரிசெய்வது போல, வெளியார் வந்து பார்ப்பார் என்ற நினைவே பாதி ஒழுங்கைக் கொண்டுவரும்.

இழந்த காணியை மீட்க எத்தனை கந்தோர் ஏறினோம், எத்தனை பத்திரம் காட்டினோம் என்பது எமக்குத் தெரியும். பத்திரம் கேட்கப்படுவதன் வலியை அறிந்த நாம், எமது பிள்ளைக்காக ஒருமுறை பத்திரம் கேட்கத் தயங்குவானேன்? இன்று மாலை பிள்ளையோடு மைதானம்வரை நடந்து போங்கள். பயிற்றுநரிடம் பெயரைக் கேட்டுப் பேசத் தொடங்குங்கள். மற்றவை அதிலிருந்து தொடரும்.