தாளை உலர்த்துவது எந்த நெருப்பு?

காகித இயந்திரத்தில் வந்து விழும் கூழில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தண்ணீர்தான். வலையில் வடியவிட்டு, உருளைகளுக்கிடையே பிழிந்த பிறகும் ஏறக்குறையப் பாதி ஈரம் நிற்கும். அதைப் போக்க, நீராவி நிரம்பிய இரும்பு உருளைகளின் மேல் தாள் வரிசையாக ஓடுகிறது. அந்த நீராவி எதை எரித்து வருகிறது என்பதுதான் காகிதத் தொழிலின் பெரிய கேள்வி.

கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் இயங்கும் டி.என்.பி.எல். ஆலையைப் பாருங்கள். தமிழக அரசு 1979-ல் தொடங்கிய இந்த நிறுவனம் கரும்புச் சக்கையை முதன்மை மூலப்பொருளாகக் கொண்டு வளர்ந்தது. சர்க்கரை ஆலைகள் வழக்கமாகத் தங்கள் பாய்லரில் எரித்துவிடும் பொருள் அது. அதைப் பெற்றுக்கொண்டு, ஈடாக நிலக்கரியோ நீராவியோ கொடுப்பது ஏற்பாடு. மரங்கள் தப்பின. ஆனால் சக்கை எரிந்த இடத்தில் நிலக்கரி எரிகிறது! மரம் வெட்டவில்லை என்பதற்காகவே ஒரு தாளுக்குப் பசுமைப் பட்டம் கொடுத்துவிட முடியாது.

ஆலைக்குள்ளேயே எரிபொருள் உண்டு. ரசாயனத்தில் வேகவைத்து நாரைப் பிரித்ததும் மிஞ்சுகிற கரிய நீர்தான் 'பிளாக் லிக்கர்'. நாரைப் பிணைத்திருந்த லிக்னின் அதில் கரைந்திருக்கும். ஆற்றில் விட்டால் ஆறே கெட்டுப்போகும். அதையே பாகு போலக் காய்ச்சித் தனி பாய்லரில் எரித்தால் நீராவி கிடைக்கும். சோடா ரசாயனமும் திரும்பக் கிடைக்கும். சக்கையில் சிலிக்கா அதிகம் என்பதால், காய்ச்சும் குழாய்களில் அது படிந்து தொல்லை கொடுக்கும்.

சோடா ரசாயனத்தை மீட்கும் வேலையின் கடைசிக் கட்டம் சுண்ணாம்புச் சூளை. பல ஆலைகளில் இதற்கு எண்ணெயோ இயற்கை எரிவாயுவோதான். காகிதபுரத்திலோ, சக்கை கழுவிய நீரை மூடிய கலங்களில் நொதிக்கவைத்து, அதில் வரும் மெத்தேனைச் சூளையில் எரிக்கிறார்கள். அந்த நீர் திறந்த குட்டையில் அழுகினால் மெத்தேன் காற்றில் கலக்கும். நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடிக்கும். எண்ணெயும் மிச்சம், மெத்தேனும் வெளியேறுவதில்லை. இந்த ஆலை செய்தவற்றில் மிகச் சிறந்தது இதுதான்.

திருநெல்வேலி மாவட்டத்தில் 35.5 மெகாவாட் காற்றாலைகளும் இந்நிறுவனத்துக்கு உண்டு. நல்லதுதான். ஆனால் அவை தருவது மின்சாரம். உருளைக்குள் போகும் நீராவி அல்ல.

நிலக்கரியும் எண்ணெயும் இல்லாமல் ஓர் ஆலையை முழுவதும் ஓட்ட முடியுமா? பின்லாந்தின் ஆனெகொஸ்கியில் 2017-ல் தொடங்கிய கூழ் ஆலை, மரப்பட்டையை வாயுவாக்கிச் சூளைக்குக் கொடுக்கிறது. புதைபடிவ எரிபொருள் இல்லாமல் இயங்கவென்றே கட்டப்பட்ட அந்த ஆலையின் மின் உற்பத்தி, அதன் சொந்தத் தேவையைப் போல் 2.4 மடங்கு.

காகித நிறுவனங்களின் ஆண்டறிக்கையில் காற்றாலைப் படத்தைப் பார்ப்பவர்கள், ஒரு டன் காகிதத்துக்கு எவ்வளவு நிலக்கரி எரிந்தது என்ற கணக்கையும் கேட்டு வாங்க வேண்டும்.