குளிருக்கும் வெயிலுக்கும் ஒரே இயந்திரம்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் சின்னஞ்சிறு ஊரிலும் ஒரு சமுதாயக் கூடத்தைப் பார்க்கலாம். அவற்றில் பல, உழைக்கும் மக்கள் படிக்கவும் கூடிப் பேசவும் 19ஆம் நூற்றாண்டில் 'மெக்கானிக்ஸ் இன்ஸ்டிட்யூட்' என்ற பெயரில் எழுந்தவை. மரச்சுவர், தகரக் கூரை, உயரமான உட்கூரை. ஜூலை மாதக் குளிரில் உள்ளே வந்தும் கோட்டைக் கழற்ற முடியாது. ஜனவரி வெயிலில் உட்காரவே முடியாது. குளிருக்கு எரிவாயு ஹீட்டர் உண்டு. வெயிலுக்குப் பல இடங்களில் மின்விசிறி மட்டுமே. பழைய ஹீட்டரை எடுத்துவிட்டு மின்சார ஹீட் பம்ப் வைக்கலாமா என்று கூடங்களை நடத்தும் குழுக்கள் இப்போது யோசிக்கின்றன. வைக்கலாம் என்பதே என் கட்சி. எரிவாயுக் கட்டணம் மிச்சமாகும் என்பதைத்தான் எல்லாரும் முதலில் சொல்கிறார்கள்; எனக்கு அதைவிடப் பெரிய காரணம் கோடைக்காலம்.

ஹீட் பம்ப் ஏதோ புதுமையான கருவி அல்ல. நம் வீட்டு ஏசி அறையிலுள்ள வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது. வெளியில் மாட்டிய பெட்டியருகே நின்றால் அனல் அடிப்பது அதனால்தான். அந்தச் சுற்றைத் திருப்பிவிட்டால், வெளிக்காற்றில் இருக்கும் வெப்பம் உள்ளே வரும். குளிர்ந்த காற்றிலும் வெப்பம் இருக்கவே செய்கிறது. வெப்பத்தை உண்டாக்காமல் இடம் மாற்றுவதால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று, நான்கு யூனிட் வெப்பம் கிடைக்கிறது. கெல்வின் பிரபு இந்தக் கருத்தை 1852லேயே முன்வைத்தார். சூரிச் நகர மன்றக் கட்டடத்தில் 1938இல் பொருத்திய ஹீட் பம்ப், லிம்மாட் ஆற்று நீரிலிருந்து வெப்பம் எடுத்து 2001 வரை உழைத்தது.

இனி கோடை. 2009 ஜனவரி இறுதியில் மெல்போர்னில் வெப்பம் தொடர்ந்து மூன்று நாள் 43 டிகிரியைத் தாண்டியது. அந்த வெப்ப அலையில் விக்டோரியாவில் வழக்கத்தைவிட 374 பேர் கூடுதலாக இறந்ததாக மாநிலச் சுகாதாரத் துறை கணக்கிட்டது. முதியவர்களே அதிகம். வீட்டில் ஏசி இல்லாதவர் பகல் முழுக்க ஒதுங்க, நடந்தே போகக்கூடிய ஒரு குளிர்ந்த இடம் தேவை. அதற்கு ஊர்க் கூடத்தைவிடப் பொருத்தமானது எது? எரிவாயு ஹீட்டரை மாற்ற எரிவாயு ஹீட்டரையே வாங்கினால் இந்த வாய்ப்பு இன்னும் இருபது ஆண்டுக்குப் போய்விடும். (அங்குள்ள தமிழர்களுக்குப் பொங்கல் உச்சக் கோடையில் வருகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.)

எதிர்வாதங்களில் வலுவானது நிலக்கரி பற்றியது. விக்டோரியாவின் மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னும் பழுப்பு நிலக்கரியிலிருந்து வருகிறது; யூனிட்டுக்குச் சுமார் 0.8 கிலோ கரியமில வாயு. ஹீட் பம்ப் அதை மூன்றரை மடங்கு வெப்பமாக்கினால், ஒரு யூனிட் வெப்பத்துக்கு 0.23 கிலோ ஆகிறது. எரிவாயுவை எரித்தால் யூனிட்டுக்குச் சுமார் 0.19 கிலோ, பழைய ஹீட்டர் கால்பங்கு வெப்பத்தை வீணடித்தால் 0.25. ஆக, இன்றைய தேதியில் இரண்டும் ஏறக்குறைய சமம்தான். பெரிய வெற்றி என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஹேசல்வுட் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது, யலோர்ன் நிலையத்தை 2028இல் மூட அறிவிப்பு வந்திருக்கிறது. மின்சாரத்தின் கணக்கு ஆண்டுக்காண்டு இறங்கும், எரிவாயுவின் கணக்கு இறங்க வழியில்லை. கூரையில் சூரியத் தகடு போட்டால், வெயில் கொளுத்தும் பகலில்தான் குளிரூட்டலும் தேவைப்படுகிறது, மின்சாரமும் கிடைக்கிறது. குளிர்கால மாலைக் கூட்டங்களுக்கு அந்தப் பொருத்தம் இல்லை.

வாரத்தில் சில மணி நேரமே திறக்கும் கூடத்துக்கு இவ்வளவு செலவா என்று கேட்பதும் நியாயம். ஆண்டுக்கு நாலைந்து முறை மட்டும் திறக்கும் கூடமென்றால் நானே வேண்டாம் என்பேன். மற்றவற்றில் தண்ணீரைச் சூடாக்கிக் குழாய்களில் ஓட்டும் ஏற்பாட்டைத் தவிர்த்து, காற்றையே நேரடியாகச் சூடாக்கும் வகையை வாங்க வேண்டும்; கூட்டம் தொடங்கச் சற்றுமுன் போட்டால் போதும். அதற்கும் முன்னால் உட்கூரைக்கு மேல் வெப்பத்தடுப்புப் போட்டு, கதவு ஜன்னல் இடுக்குகளை அடைக்க வேண்டும். அளவு பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு 1951இல் திறந்த லண்டனின் ராயல் ஃபெஸ்டிவல் ஹால் சாட்சி. தேம்ஸ் நதியிலிருந்து வெப்பம் எடுக்க அங்கே வைத்த ஹீட் பம்ப், அரங்குக்கு வேண்டியதைவிட மிகப் பெரியதாக இருந்ததால் கட்டுப்படியாகாமல் கைவிடப்பட்டது. தத்துவத்தில் கோளாறு இல்லை, கணக்கில்தான்.

மின்சாரமே போய்விட்டால்? 2024 பிப்ரவரிப் புயலில் விக்டோரியாவில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் நின்றது. அந்த நேரத்தில் காற்றாடி வைத்த எரிவாயு ஹீட்டரும் ஓடாது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். காட்டுத்தீ அபாயமுள்ள ஊர்களில் மட்டும் சூரியத் தகட்டோடு பேட்டரியும் சேர்க்க வேண்டியிருக்கும். அந்தச் செலவைக் கூடத்தின் வாடகை வருமானத்தில் எதிர்பார்க்கக் கூடாது. பேரிடர் ஏற்பாட்டுக்கான அரசுப் பணத்திலிருந்து கேட்டு வாங்க வேண்டும்.